மணல் மூடிய விளக்கு

பிறந்தவர் எல்லோரும் ஒரு நாள் போகத்தான் வேண்டும். அந்த நாள் எது? அரசனுக்கும் தெரியாது, ஆண்டிக்கும் தெரியாது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்தில் வழக்கம்போல்தான் பொழுது விடிந்தது. கரையோரக் குப்பங்களில் அடுப்புப் புகைந்தது. கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்.

காலை சுமார் 6.30 மணிக்கு, வெகு தொலைவில் சுமத்ரா தீவின் அருகே கடலடி நிலம் நடுங்கியது. அந்த அலை தமிழகக் கரையை எட்டியபோது மணி 8.30 தாண்டிவிட்டது.

இடையில் இரண்டு மணி நேரம் இருந்தது! "ஓடுங்கள்" என்று சொல்லத்தான் எவரும் இல்லை. அதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை.

முதலில் கடல் உள்வாங்கியது. நீருக்குள் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. இப்படிக் கடல் பின்வாங்குவதைத் தமிழகக் கரையில் பலர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். சில நிமிடங்களில் போன கடல் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

காத்த கைகள்

1,300 ஆண்டு கண்ட கடற்கரைக் கோயில் மட்டும் அசையாமல் நின்றது. அரிப்பைத் தடுக்க முன்பே அதைச் சுற்றிப் பாறாங்கற்கள் போடப்பட்டிருந்தன. அவை அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன.

தெற்கே வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி என்ற ஊரும் அப்படியே. 2002-ல் அவ்வூரார் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டார்கள். அன்று சுனாமி என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. ஆனால் இரண்டே ஆண்டில் அந்த மரங்கள் அலைக்குக் குறுக்கே நின்றன. ஊரில் சேதம் குறைந்தது.

சாவு வரும் நேரம் நம் கையில் இல்லை. அதற்கு முன் செய்துவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

16 கழஞ்சு பொன்

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம். அலை அங்கே மணலை அரித்தபோது, ஒரு பாறையில் பழைய எழுத்துகள் தெரிந்தன. அருகில் ஒரு முருகன் கோயில் இருந்ததாக அவை கூறின. 2005-ல் தொல்பொருள் துறையினர் தோண்டினார்கள். கல்லால் ஆன வேல் கிடைத்தது. பல்லவர் காலக் கோயில் கிடைத்தது. அதன் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில்! கடல் பொங்கித்தான் இவை அழிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அங்கிருந்த தூண் ஒன்றில் ஒரு செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலில் விளக்கு எரிய ஒரு பெண்மணி 16 கழஞ்சு பொன் கொடுத்தாள் என்பதே அது. அவள் மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. விளக்கும் அணைந்தது. கோயிலையும் மணல் மூடியது. அவள் கொடுத்தது மட்டும் அழியவில்லை.

இன்று நாம் ஏற்றும் விளக்கு எது? ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. எனினும் வீட்டுப் பாடமும் ஒன்று உண்டு. கரையில் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்கக் கூடாது. உடனே மேட்டை நோக்கி ஓட வேண்டும்.

இதை இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நாம் இல்லாத ஒரு காலையில், அந்தச் சொல் அவர்களைக் காக்கும்.