பழைய ஆம்ப்ளிபையர்: அசலா, போலியா?

மிளகு மூட்டை வாங்கும்போது மேலாகக் கிடப்பதை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்கிறோம். பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று தண்ணீரில் போட்டும் பார்க்கிறோம். இத்தனை விழிப்புடன் இருக்கும் நாம், பழக்கமில்லாத பொருள் ஒன்று கைக்கு வரும்போது முகப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

2019-ல் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. எங்களிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துவந்த சில்லறை வியாபாரி ஒருவர் கடையை மூடினார். 18,000 ரூபாய் பாக்கி. "அண்ணாச்சி, ரொக்கம் இல்லை. இந்த ஜப்பான் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் 25,000-க்குக் குறையாமல் போகும்" என்று ஒரு பழைய ஆம்ப்ளிபையரைக் கொண்டுவந்து வைத்தார். முகப்பில் பெயர்பெற்ற கம்பெனியின் பெயர்; பாட்டும் நன்றாகவே பாடியது. பேரேட்டில் வரவு வைத்துக் கணக்கை முடித்தோம். ஒரு மாதம் கழித்து விற்கப் போனபோது மெக்கானிக் மூடியைத் திறந்தார். பெட்டியும் முகப்பும்தான் பழையவை. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு புதிய போர்டும், கைக்கடக்கமான ஒரு டிரான்ஸ்பார்மரும் இருந்தன. அந்த வியாபாரியும் அதை அசல் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்தான். அவரிடம் திரும்பக் கேட்க மனம் வரவில்லை. வரவு வைத்ததை அடிக்கவும் இல்லை.

நஷ்டம் நம்மோடு போகட்டும், விஷயம் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

இதற்கு ஏன் இந்த விலை?

1970-களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் ஜப்பான் செட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சென்னை பர்மா பஜாரிலும் வெளிநாட்டுச் சாமான்கள் கிடைத்தன. சான்சூய், பயனீர், மராண்ட்ஸ் போன்ற பெயர்கள் அப்படித்தான் நம் வீடுகளுக்குள் வந்தன. அவற்றுக்கும் முந்தியவை இங்கிலாந்தின் குவாட், அமெரிக்காவின் மெக்கின்டாஷ் போன்ற வால்வு ஆம்ப்ளிபையர்கள். இசைத்தட்டுக் கேட்கும் பழக்கம் மீண்டும் வந்திருப்பதால் பரணில் கிடந்தவற்றுக்கும் இன்று விலை இருக்கிறது. விலை ஏறிய சரக்குக்குக் கலப்படமும் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வகை

"அசல் இல்லை" என்று சொன்னால் அதில் மூன்று வகை உண்டு. பழைய பெட்டிக்குள் புதுச் சரக்கை வைத்தது முதல் வகை. இது சுத்தப் போலி.

பெட்டி, டிரான்ஸ்பார்மர், போர்டு எல்லாம் அசலாக இருந்து, தேய்ந்துபோன சில பாகங்கள் மட்டும் மாற்றப்பட்டிருப்பது இரண்டாம் வகை. இது போலி அல்ல. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் கண்டென்சர்கள் உலர்ந்துபோவது இயல்பு. மாற்றியதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. மறைத்து விற்பதுதான் தவறு.

அதே கம்பெனி பழைய மாடலைப் பிற்காலத்தில் மறுபடி செய்து விற்றது மூன்றாம் வகை. மெக்கின்டாஷ் எம்.சி.275 முதலில் வந்தது 1961-ல். அதே பெயரில் கம்பெனியே மீண்டும் வெளியிட்டது 1993-ல். இரண்டும் நேர்மையான சரக்கு. ஆனால் பிந்தியதை முந்தியது என்று சொல்லி விற்பது, புது அரிசியைப் பழைய அரிசி விலைக்கு விற்பது போன்றது.

முதல் சோதனை தராசு

நம்மிடம் இருக்கும் கருவியே இதற்குப் போதும். நல்ல ஆம்ப்ளிபையரின் கனமெல்லாம் டிரான்ஸ்பார்மரின் இரும்பிலும் செம்பிலும் இருக்கிறது. போலி செய்கிறவன் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். 1976-ல் வந்த பயனீர் எஸ்.எக்ஸ்.1250, ரேடியோவும் சேர்ந்த செட். ஒரு பக்கத்துக்கு 160 வாட். அதன் எடை சுமார் 29 கிலோ. இப்படி ஒவ்வொரு மாடலின் எடையும் கம்பெனிக் கையேட்டில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு செட்டைத் தராசில் ஏற்றுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. ஆனால் கிலோக் கணக்கில் குறைந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். அன்று எங்கள் கடையில் தராசு நாலடி தூரத்தில்தான் இருந்தது. எங்களுக்குத் தோன்றவில்லை.

பின்பக்கத் தகடு

அடுத்து, முகப்பை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். மாடல், தொடர் எண், வோல்டேஜ் ஆகியவை அங்கே இருக்கும். தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, தகட்டுக்குப் பதில் புது ஸ்டிக்கர் இருந்தாலோ காரணம் கேளுங்கள். '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று எழுதியிருந்தால் அது 1970-களின் ஹைபை கம்பெனிகள் எழுதும் கணக்கு அல்ல. 60 வாட் மின்சாரம் இழுக்கும் பெட்டி 1000 வாட் எப்படிக் கொடுக்கும்?

வோல்டேஜ் மிக முக்கியம். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட். அமெரிக்காவுக்கானவை 120 வோல்ட். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். அப்படியே சொருகினால் அசல் செட்டும் ஒரு நொடியில் கருகிவிடும். ஏற்றுமதிக்கென்று செய்த பலவற்றில் வோல்டேஜை மாற்றும் வசதி பின்பக்கம் உண்டு. இல்லாவிட்டால் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

மூடியைத் திறந்து

உள்ளே பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆனால் நாமே திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு செட்டுகளில் அது பல நூறு வோல்ட், உயிரையே வாங்கிவிடும். பழக்கமுள்ள மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள்.

பல பாகங்களில் நான்கு இலக்கத் தேதிக் குறி உண்டு. 7623 என்றால் 1976-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. எல்லாம் ஒரே காலத்தவையாக இருந்தால் நல்ல அடையாளம். ஒன்றிரண்டு பிந்தியவையாக இருந்தால் பழுதுபார்த்தது. முழுவதும் புதிதாக இருந்தால் முடிவை நீங்களே எடுக்கலாம்.

வால்வு செட்டுகளில் பெட்டிக்கு இணையாக வால்வுக்கும் விலை உண்டு. கண்ணாடியில் அச்சிட்ட பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் அச்சிடுவது எளிது. ஜெர்மனியின் டெலிபங்கன் கம்பெனி தன் தொழிற்சாலையில் செய்த சிறிய வால்வுகளின் அடியில், கம்பிக் கால்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வைர வடிவக் குறி பதிந்திருக்கும். முல்லார்டு என்ற பெயரில் இன்று ரஷ்யாவில் செய்த புது வால்வுகளும் முறைப்படி விற்பனையாகின்றன. அவை போலி அல்ல. ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் செய்தவையும் அல்ல. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

கடைசியாகத்தான் காது. அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கரும் சமமாகப் பாடுகின்றனவா, இரைச்சல் உண்டா, அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா என்று பாருங்கள். நாங்கள் காதை முதலில் வைத்து ஏமாந்தோம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

கம்பெனி, மாடல், தொடர் எண், மாற்றப்பட்ட பாகங்கள், விற்றவரின் பெயர், முகவரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். 'ஒரிஜினல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. எது எது ஒரிஜினல் என்று எழுதச் சொல்லுங்கள்.

இது வாங்கும்போது மட்டுமல்ல, விற்கும்போதும் நமக்குக் காவல். 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104-ம் பிரிவின்படி, போலி வணிகச் சின்னம் இட்ட சரக்கை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிய எச்சரிக்கையுடன் வாங்கினோம், இன்னாரிடம் வாங்கினோம் என்று காட்ட அந்தப் பில்தான் கைகொடுக்கும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குவதையும், கடனுக்கு ஈடாக வாங்குவதையும் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப் பார்ப்பது கொண்டுவந்தவரைச் சந்தேகப்படுவது ஆகாது. அன்றே நாங்கள் தராசில் ஏற்றியிருந்தால், தாம் ஏமாந்த சங்கதி அந்த வியாபாரிக்கும் அன்றே தெரிந்திருக்கும். விற்றவனிடம் போய்க் கேட்க அவருக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.

அந்தப் பெட்டி இன்றும் எங்கள் கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விற்கவில்லை. போலி என்று தெரிந்த பிறகு அதை இன்னொருவர் தலையில் கட்டுவது வியாபாரம் ஆகாது.