முதலாளி தூங்குகிறார், வாட்ச்மேன் தூங்கவில்லை

"ஆபரேஷனில் மயக்கமாகத்தானே இருக்கிறோம், அப்புறம் எதற்கு வலி மருந்தும் சேர்த்துப் போடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும் நேரத்தைப் பார்ப்போம். மயக்க மருத்துவர் லாரிங்கோஸ்கோப் பிளேடை நாக்கடியில் செலுத்தித் தூக்குகிறார். அறுவைக் கத்தி இன்னும் தட்டில்தான் கிடக்கிறது. ஆனால் மானிட்டரில் நாடித்துடிப்பு 70-லிருந்து 110-க்குத் தாவக்கூடும். ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். தொண்டை நரம்புகள் மூளைத்தண்டுக்குச் செய்தி சொல்ல, அங்கிருந்து இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் உத்தரவு பறக்கிறது. இதற்கு நினைவே தேவையில்லை.

மயக்க வாயுவின் அளவே இதற்குச் சாட்சி. கத்தி படும்போது பாதிப் பேர் அசையாதிருக்கத் தேவையான அளவை ஒன்று என்று வையுங்கள். நினைவு தப்ப அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ரத்த அழுத்தம் எகிறாமல் தடுக்கவோ ஒன்றையும் தாண்ட வேண்டும்.

நினைவு என்ற முதலாளி மாத்திரை போட்டுத் தூங்குகிறார், மூளைத்தண்டு என்ற வாட்ச்மேன் விழித்திருக்கிறார். கேட் ஆடினால் விசில் ஊதுவார், எல்லா லைட்டையும் போடுவார், பதற்றத்தில் அரிசி மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டுவார். ரத்தச் சர்க்கரை ஏறுவது அப்படித்தான். ஃபென்டனில் என்ற வலி மருந்து அவரைக் கண்ணயர வைக்கும். முதுகில் செலுத்தும் எபிடியூரல் மருந்து கேட்டிலிருந்து வரும் ஒயரையே துண்டிக்கும். தசைத் தளர்ச்சி மருந்தோ கதவு ஜன்னலை ஆணியடிப்பது மாதிரி: வெளியே அமைதி, உள்ளே ரகளை.

குறைப்பிரசவக் குழந்தைகள் பலருக்கு ஒரு காலத்தில் ஆபரேஷனின்போது தசைத் தளர்ச்சி மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும்தான் கிடைத்தன. ஃபென்டனிலும் சேர்த்தால் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களும் சிக்கல்களும் குறைவதை 1987-இல் ஆனந்த் குழுவினர் 'லான்செட்' இதழில் காட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

அதற்காக, 'ஸ்ட்ரெஸ் இல்லாத ஆபரேஷன்' என்று யாராவது விளம்பரம் செய்தால் மயங்கிவிடாதீர்கள். 2002-இல் அதே இதழில் வந்த 'மாஸ்டர்' ஆய்வு, பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்கு ஆளான 900-க்கும் அதிகமானோரைப் பரிசோதித்தது. எபிடியூரலால் மூச்சுச் செயலிழப்பு குறைந்தது, இறப்பு குறையவில்லை. வாட்ச்மேனை ஒரேயடியாக அடக்கினாலும் ஆபத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். குறிப்பாக, பீட்டா பிளாக்கர் மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.