பொம்மை என்று சிரிக்காதீர்கள்!

(நாராயணவனத்தில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர், பல்சக்கரங்களோடு கூடிய கட்டுமானப் பொம்மைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறார். திருப்பதியில் குமாஸ்தா உத்தியோகம். வளர்ந்த மனிதருக்குப் பொம்மை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவரே இங்கு பதில் சொல்கிறார்.)

ஐம்பது வயதை எட்டிய ஒருவன், ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பாயை விரித்து அதில் பொம்மைத் துண்டுகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்?

"ஏங்க, விளையாடுற வயசுல நீங்க விளையாடலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

விளையாடவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் ஊர் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணந்த ஊர் என்று பெயர் பெற்றது. ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவனுக்குக் காதில் முதலில் விழுவது தறிச் சத்தம். நூல் தீர்ந்துபோன காலிக் குழல்கள்தான் எங்களுக்கு ரயில் வண்டி, அவைதான் கோபுரம்.

என் தகப்பனார் விசைத்தறி ஓட்டியவர். பக்கத்துக் கொட்டகையில் தறி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் ஸ்பானரைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். "இந்த எண்ணெய்க் கறை என்னோட போகட்டும். நீ பேனா பிடி" என்பார். நானும் பேனா பிடித்தேன். எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று தெரியாமலே வளர்ந்துவிட்டேன்.

தச்சர் போட்ட விதை

நான் சேர்ப்பது லெகோ நிறுவனத்தின் 'டெக்னிக்' வகைப் பெட்டிகள். லெகோவின் கதை 1932இல் டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்து விற்றார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934இல் லெகோ என்று பெயர் வைத்தார்.

1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்தும் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டில் செய்த கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே மாதிரிக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

1977இல் இந்தக் கட்டைகளோடு பல்சக்கரங்களும், தண்டுகளும், துளையிட்ட சட்டங்களும் சேர்ந்தன. வீடு கட்டும் பொம்மை இயந்திரம் கட்டும் பொம்மையாயிற்று. அந்த ஆண்டு வந்த கார் அடிச்சட்டத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். வண்டியைத் தள்ளினால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்.

இதற்கும் முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901இலேயே துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட பெட்டியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அதுதான் பிற்பாடு 'மெக்கானோ' என்று உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டுக் கடைகளில் 'மெக்கானிக்ஸ்' என்ற பெயரில் விற்பதும் அதே வகைதான்.

இவை சிறுவர் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும், கடினமான கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குப் பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள்!

திருமலைப் பாதையில் ஒரு பாடம்

இதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

திருமலைக்குப் பஸ்ஸில் போகாத தமிழர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகவேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போனால் போதும். எஞ்சினோ இரண்டையும் சேர்த்துத்தான் சுழற்றுகிறது. அப்படியானால் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட வேண்டாமா?

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பஸ்ஸில் போய் வந்தாலும் எனக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. டெக்னிக் வண்டி ஒன்றைப் பூட்டியபோதுதான், 'டிஃபரன்ஷியல்' என்று டிரைவர்கள் சொல்வது என்னவென்று புரிந்தது. சின்னக் கூட்டுக்குள் மூன்று குட்டிப் பல்சக்கரங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் மறு சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றுகிறது. புத்தகத்தில் படம் பார்த்துப் புரியாதது, விரலால் பிடித்தவுடன் புரிந்தது.

தகப்பனார் எண்ணிய பற்கள்

சேர்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, 2019இல் எனக்கு ஓர் ஆசை வந்தது. பெட்டியோடு வரும் படப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் ஊர் விசைத்தறியையே கட்டிப் பார்த்தால் என்ன?

ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். கைப்பிடியைச் சுற்றினால் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியவேண்டும். நடுவில் நாடா ஓடவேண்டும். பிறகு அச்சுப் பலகை வந்து ஊடையை அடித்துச் சேர்க்கவேண்டும். எல்லாம் தனித்தனியாக ஒழுங்காக ஆடின. சேர்த்துச் சுற்றினால் மட்டும் நாடா நடுவழியில் அச்சுப் பலகையிடம் மாட்டிக்கொண்டது. துண்டு சரியாக நகரவில்லை என்று நினைத்து, தேய்த்தும் பார்த்தேன், மெழுகு பூசியும் பார்த்தேன். பலனில்லை.

தகப்பனாருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது கேட்காது. அதனால் எங்களுக்குள் பேச்சும் குறைந்துபோயிருந்தது. திண்ணையில் இருந்தவர் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். சின்னச் சக்கரத்தின் பற்களை விரலால் எண்ணினார். எட்டு. பெரிய சக்கரத்தை எண்ணினார். இருபத்து நான்கு.

"டேய், இது மூணு சுத்துக்கு ஒண்ணு. தறிக்கு ரெண்டு சுத்துக்கு ஒண்ணுடா" என்றார்.

விசைத்தறியில் மேல்தண்டு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அச்சுப் பலகையை அடிக்கும். கீழ்த்தண்டு ஒரு சுற்றில் நாடாவை இரண்டு தடவை, பக்கத்துக்கு ஒன்றாக எறியும். ஆகவே மேல்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கீழ்த்தண்டு ஒன்று சுற்றவேண்டும். நானோ மூன்றுக்கு ஒன்று வைத்திருந்தேன். அடியும் எறியும் முறை தவறிவிட்டன. நிஜத் தறியாக இருந்தால் பாவு நூலில் பாதி அறுந்திருக்கும்!

எட்டுப் பல்லுக்குப் பதினாறு பல் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். லெகோ சட்டத்தில் துளைகள் 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். எட்டும் பதினாறும் கவ்விக்கொள்ள 12 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. அது ஒன்றரைத் துளை! அரைத் துளைக்கு எங்கே போவது? கடைசியில் சைக்கிள் செயின் போன்ற பொம்மைச் சங்கிலியை இரண்டு சக்கரத்துக்கும் மாட்டச் சொன்னவரும் அவர்தான். செயின் போட்டால் இடைவெளியைப் பற்றிக் கவலை இல்லை. தறி ஓடியது.

அன்று முதல் தினமும் சாயங்காலம் பாயில் இரண்டு பேர். நாடா எப்படிச் சிக்கும், தண்டு தேய்ந்தால் சத்தம் எப்படி மாறும் என்று, சிறு வயதில் எனக்குச் சொல்லித்தராத தொழிலையெல்லாம் பொம்மையை வைத்துச் சொல்லித்தந்தார். 2022இல் காலமானார்.

சேர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பணம். இது ஏழைக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைகளுக்குச் சுங்கவரி 2020இல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. பெரிய பெட்டி ஒன்று ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். நான் ஆண்டுக்கு ஒரு பெட்டிதான் வாங்குகிறேன். அதற்கென்று மாதாமாதம் டப்பாவில் போட்டுவைத்த பணத்தில்தான் வாங்குவேன். கடன் வாங்கியோ தவணையிலோ வாங்கியதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் கட்டாமல் பொம்மை வாங்குபவனைப் பார்த்து ஊர் சிரித்தால், சிரிப்பது நியாயமே.

இரண்டாவது, பெரியதெல்லாம் நல்லதல்ல. 2019இல் வந்த சுரங்க மண்வாரி இயந்திரத்தில் 4,108 துண்டுகள், 7 மோட்டார்கள். 2018இல் அந்த நிறுவனத்தார் பத்து லட்சத்துக்கும் அதிகமான டெக்னிக் துண்டுகளால், ஆள் உட்கார்ந்து ஓட்டக்கூடிய நிஜ அளவுக் காரையே கட்டி ஓட்டிக் காட்டினார்கள். கேட்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல பல்சக்கரங்கள் உள்ள இருநூறு, முந்நூறு துண்டுப் பெட்டி ஒன்றே நமக்கு ஓராண்டுக்குப் போதும். மேலே பளபளப்பான தகடும் உள்ளே வெறும் கூடுமாக வரும் பெட்டிகளை நான் வாங்குவதில்லை.

மூன்றாவது, பூட்டியதைப் பிரிக்கத் தயங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்காமலே பீரோவில் வைத்து, விலை ஏறியதும் விற்பவர்கள் உண்டு. அது வியாபாரம். அதில் குற்றமில்லை, ஆனால் அவர்கள் சேர்ப்பது அட்டைப் பெட்டியைத்தான். முதல் தடவை புத்தகத்தைப் பார்த்துக் கட்டுங்கள். இரண்டாம் தடவை பார்க்காமல் கட்டுங்கள். மூன்றாம் தடவை உங்கள் மூளையில் தோன்றியதைக் கட்டுங்கள். பெட்டிக்குக் கொடுத்த பணம் மூன்றாம் தடவையில்தான் கைக்குத் திரும்புகிறது.

நான்காவது, பராமரிப்பு. நேர் வெயிலில் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் மஞ்சளாகிவிடும். தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி வேறு. துண்டுகளை வகைவகையாகப் பிரித்து மூடியுள்ள டப்பாக்களில் போட்டுவையுங்கள். அழுக்கானால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம். கொதிநீர் கூடவே கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாக்கள் பரண்மேல் இருக்கட்டும். சின்னத் துண்டு தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

மலிவான போலிகளும் சந்தையில் உண்டு. ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்று துண்டு குறைவு. இருந்த தண்டும் இரண்டாம் நாளே முறுக்கிக்கொண்டது. கெட்ட துண்டு ஒன்று இருந்தால் நல்ல சக்கரமும் வழுக்கும்.

கொலு வைப்பது யார்?

நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டி, பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் துடைத்து அடுக்குவது பெரியவர்கள்தானே? அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சென்ற நவராத்திரியில் எங்கள் கொலுவின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் அந்தத் தறியையும் வைத்தோம். வைக்கச் சொன்னவள் என் மனைவி.

சுண்டலுக்கு வந்த அடுத்த வீட்டுப் பையன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் வீட்டில் இருந்த தறிகளை எடைக்குப் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவன் தகப்பனார் வேறு ஊரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அவன் கேட்டான்:

"மாமா, எங்க தறியும் இப்படித்தான் ஓடிச்சா?"

"சக்கரத்துல பல்லை எண்ணு, சொல்றேன்" என்றேன்.

வெளியூரில் பிழைக்க வந்த நம்மில் பலருடைய தகப்பனார்களுக்குத் தறியோ, ஆலையோ, ஒர்க்ஷாப்போ ஏதோ ஒரு கைத்தொழில் தெரிந்திருக்கிறது. நாம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பெரியவர் இருக்கும்போதே, முடிந்தால் ஒரு சின்னப் பெட்டி வாங்கி அவர் முன்னால் பிரியுங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் பழைய சைக்கிள் சக்கரமே போதும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.