திபேரியஸ் காசு எப்போது வந்தது?

இந்தியாவில் உரோமானிய வெள்ளிக்காசுகள் மிகுதியாகக் கிடைத்த நிலங்களில் ஒன்று, மூலனூரையும் உள்ளடக்கிய கொங்குப் பகுதி. வெள்ளலூரில் 1842-இல் 522 காசுகள், கரூரில் 1878-இல் சுமார் 500, நொய்யல் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913-இல் 233, உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946-இல் ஏறத்தாழ 1,400. படியூர்ப் பச்சைக்கல்லும் சேரநாட்டு மிளகும் ஈர்த்த வெள்ளி இது. இவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகை என்பதால், அடையாளம் காண்பது நினைப்பதைவிட எளிது. முன்பக்கம் இலைமாலை சூடிய தலை இரண்டுக்கும் பொது, பின்பக்கம்தான் பேசும். இருவர் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருந்தால் அது அகஸ்டஸ் காசு. நிற்பவர்கள் அவருடைய பேரன்கள் காயஸ், லூசியஸ். ஒரு பெண் கையில் கிளையோடு அமர்ந்திருக்க, இருபுறமும் ‘பொன்டிஃப் மாக்சிம்’ என்ற எழுத்துகள் ஓடினால் அது திபேரியஸ் காசு.

பெயர் தெரிந்தது, காலமும் தெரிந்துவிட்டதா? திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை, ஆகவே வணிகம் உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. காசில் இருப்பது அச்சடித்த காலம் மட்டுமே; அது கப்பலேறிய காலமும் மண்ணுக்குள் போன காலமும் வேறு. வெள்ளலூர்ப் புதையலிலேயே திபேரியஸ் காசுகளோடு, 41-இல் பட்டமேறிய கிளாடியஸின் காசுகளும் சில இருந்தன. அந்தச் சிலவற்றை யாராவது முன்பே பொறுக்கி எடுத்திருந்தால், மொத்தப் புதையலுக்கும் தவறான காலத்தைக் கணித்திருப்போம். இன்னொன்று: 64-இல் நீரோ வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தார். ஒரு இராத்தலுக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆனது. வெள்ளியின் தரமும் இறங்கியது. வெள்ளியை நிறுத்து மதிப்பிட்ட வணிகன், அதன் பிறகும் பழைய காசையே கேட்டு வாங்கியிருப்பான் என்பது இயல்பான ஊகம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பழைய காசைத் தேடியிருந்தால், உரோமில் அப்போதும் புழங்கிய குடியரசுக் காலக் காசுகளும் ஏராளமாக வந்திருக்க வேண்டும். கொங்கில் அவை அரிது. நியாயமான கேள்வி. ஆனால் நெடுங்காலம் கைமாறிய காசு தேய்ந்து எடை இழந்திருக்கும். கண்ணுக்குப் பழகிய இரண்டு முத்திரைகளை மட்டும் நம்பி வாங்குவதும் வணிகருக்குப் புதிதல்ல. இந்த விடை எல்லாப் புதையலுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சில நேராகத் திபேரியஸ் காலத்திலேயே வந்திருக்கலாம். எது எப்போது வந்தது என்பதைத் தேய்மானமும் எடையும் உடன் கிடைத்த காசுகளும் சேர்ந்துதான் சொல்லும்.

அதனால்தான் தோட்டத்திலோ கிணற்று மண்ணிலோ காசுக்குவியல் தென்பட்டால், கழுவித் தேய்க்காமல், பங்கு பிரிக்காமல், மண்பானை ஓடு உட்பட அப்படியே வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பட்டறையில் உருகிய காசின் வெள்ளி மிஞ்சும். பக்கத்தில் எந்தக் காசு கிடந்தது என்ற செய்தி மிஞ்சாது.