தாயார் கையெழுத்து போட்டால் போதுமா? டாக்டர் மாணவர்களுக்கு 'கேஸ்' பாடம்

காரைக்குடி,

ஆபரேஷன் என்றால் நர்சு நீட்டும் பாரத்தில் படிக்காமலேயே கையெழுத்து போடுகிறோம். டாக்டருக்கு படிப்பவர்களுக்கு அந்த கையெழுத்தே இப்போது ஒரு பாடம்.

2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி உள்பட நாடு முழுவதும் 'ஏட்காம்' என்ற பாடம் கட்டாயம். மனப்பாடம் செய்தால் போதாது. ஒரு நோயாளியின் கதையை கொடுப்பார்கள். மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து, சட்டம் என்ன, நியாயம் என்ன என்று தேடிப் படித்து வந்து பேச வேண்டும்.

எப்படிப்பட்ட கதை? டெல்லியில் நடந்த ஒன்றை பாருங்கள்.

1995-ல் 44 வயது பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு கையெழுத்து போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையே எடுத்து விட்டனர். கண் விழித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, விழித்த பிறகு அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயார் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரி 16-ந்தேதி தீர்ப்பானது. கேட்ட நஷ்டஈடு 25 லட்சம். கிடைத்தது 25 ஆயிரம்தான்.

நம்ம ஊர் பக்கம் வீட்டுக்காரரோ மகனோ கையெழுத்து போடுவதுதான் வழக்கம். நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். என்ன ஆபரேஷன், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்று டாக்டரிடம் தமிழிலேயே கேளுங்கள்.