வானவழித் தூரமும் வீடு சேரும் நேரமும்

மும்பையில் பணிபுரியும் கோலார் தங்கவயல் இளைஞர் ஒருவருக்கு, ஊரில் தந்தையார் காலமான செய்தி விடியற்காலையில் எட்டுகிறது எனக் கொள்வோம். மாலையில் அடக்கம். அவர் பெங்களூர் விமானத்தை நாடுவதா, சென்னை விமானத்தை நாடுவதா?

நிலப்படத்தைக் கொண்டு பார்ப்போம். மும்பையிலிருந்து பெங்களூர் வானவழியில் ஏறத்தாழ 830 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 1,030. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்திற்கு இவ்விருநூறு கிலோமீட்டர் கால் மணி நேர வேறுபாடே. ஆனால் இறங்கிய பின் பெங்களூரின் தேவனஹள்ளி நிலையத்திலிருந்து தங்கவயலுக்குச் சாலைவழி சுமார் 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்தோ அதனினும் இரண்டரை மடங்கு. ஆகவே பெங்களூரே தக்கது.

இனி, தங்கவயலார் சென்னைக்குச் செல்லும் கணக்கு வேறு. சற்று வேடிக்கையானதும் கூட. பெங்களூர், சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 268 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானத்திற்கு இது 32 நிமிடப் பயணம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசுமாயின் 36 நிமிடம். பின்காற்றாயின் 29 நிமிடம். அங்ஙனமாயின் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் எனக் குறிப்பானேன்? அட்டவணை நேரம், விமானம் நிற்குமிடம் விட்டுப் புறப்படுவது முதல் மறு நிலையத்தில் நிற்குமிடம் சேரும் வரை உள்ள காலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது யாவும் அதனுள் அடங்கும். குறுந்தொலைவில் இவையே பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன.

தங்கவயலார் கிழக்கேயுள்ள சென்னைக்குச் செல்ல, முதலில் மேற்கே தேவனஹள்ளிக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து புறப்படும் விமானம் நேர்வழியில் பறக்குமாயின், அவர்தம் ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் கிழக்கு நோக்கிக் கடக்கும்! சாலையில் இரண்டரை மணி, நிலையத்தில் ஒன்றரை மணி, விமானத்தில் ஒரு மணி, இறங்கி வெளிவர அரை மணி: ஆக ஐந்தரை மணி. மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பங்காரப்பேட்டையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தாலும், காத்திருக்கும் நேரம் சேர்த்து, ஏறக்குறைய அதே நேரந்தான். செலவோ மிகக் குறைவு.

சுரங்கத்தில் உழைத்த நம் பெரியோர்க்கு இது புதிதன்று. 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களுள் சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. மேலே சமதரையில் அத்தொலைவை அரை மணியில் நடந்துவிடலாம். அடிமட்டத்தில் வேலை செய்யச் சென்றவர்களோ ஒரே கூண்டில் இறங்க இயலாது, வழியில் கூண்டு மாற வேண்டியிருந்தது. ஷிப்டுக்குப் புறப்படும் கணவர் எத்தனை மணிக்கு மேலே வருவார் என்பதைத்தான் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். எத்தனை அடி ஆழம் என்பதையன்று.

வெளி மாநிலத்திலிருந்து அவசரமாக வருபவர், சீட்டு வாங்குமுன் விமானம் இறங்கும் மணியைப் பார்த்துக்கொள்ளல் நலம். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் வண்டிகள் சிலவே; இரவில் இறங்கினால் தேவனஹள்ளியிலிருந்தே வாடகைக் காருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.