டி.பி. உள்ள தாய் பால் கொடுக்கலாமா?

பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காசநோய், அதாவது டி.பி. என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் செய்வது என்ன? குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டியைக் கொடுக்கிறார்கள். "தாய்க்கு நோய் என்றால் பாலிலும் நோய் இருக்குமே" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். மும்பையில் தாராவி போன்ற நெருக்கமான இடங்களில் ஒரே அறையில் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டி.பி. பாலில் பரவுவது இல்லை. மூச்சுக் காற்றில் பரவுகிறது.

எப்படித் தொற்றுகிறது?

டி.பி. கிருமியை 1882-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது கிருமிகள் வெளியே வந்து காற்றில் மிதக்கின்றன. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு நோய் தொற்றுகிறது. மார்பகத்திலேயே டி.பி. புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் பால் கொடுக்கக் கூடாது. அது மிக அபூர்வம்.

ஆகவே பாலை நிறுத்திவிட்டு, இருமும் தாயின் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைத்தால் ஆபத்து அப்படியேதான் இருக்கும். பால்தான் போய்விடும்.

புட்டிப்பாலின் கெடுதி

பால் பவுடர் விலை அதிகம். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்காவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். தாய்ப்பாலிலோ நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. தாராவிக்குப் பக்கத்தில் உள்ள சயான் ஆஸ்பத்திரியில் 1989-ம் ஆண்டு ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு வேறு தாய்மார்களின் பாலையாவது கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் கருதியதே இதற்குக் காரணம்.

செய்ய வேண்டியவை

தாய் உடனே மருந்து சாப்பிடத் தொடங்க வேண்டும். சாதாரண டி.பி.க்கு ஆறு மாத சிகிச்சை. சரியாகச் சாப்பிட்டால் சில வாரங்களில் நோயைப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை பால் கொடுக்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சளியைக் கண்ட இடத்தில் துப்பக் கூடாது.

குழந்தையை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்க மருந்து கொடுப்பார். பி.சி.ஜி. ஊசி எப்போது என்பதையும் அவரே சொல்வார். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்றால் அவர் சொல்படியே நடக்க வேண்டும்.

தாய் சாப்பிடும் மருந்து பாலில் சிறிதளவு கலக்கும். அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தையைக் காக்க அந்த அளவு போதாது. தாயின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

மற்ற நோய்கள்

சளி, ஃப்ளூ காய்ச்சலுக்குப் பாலை நிறுத்த வேண்டியது இல்லை. மஞ்சள் காமாலை 'பி' வகைக் கிருமி தாய்க்கு இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் பால் கொடுக்கலாம். எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. மட்டும் பால் வழியாகவும் பரவக்கூடியது. தாயும் குழந்தையும் மருந்து சாப்பிட்டால் அந்த ஆபத்து மிகவும் குறைகிறது. இதில் டாக்டரின் யோசனை இல்லாமல் எதையும் செய்யக் கூடாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது சிலர் மருந்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் டி.பி. மருந்து இலவசம். இங்கே பதிவு செய்த நிக்ஷய் எண்ணைக் காட்டினால் ஊரிலும் சிகிச்சையைத் தொடரலாம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரயில் ஏறுவதற்கு முன் அந்த எண்ணையும், கைவசம் சில நாள் மாத்திரையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.